மூணாம் முடிச்சும் முக்கால் ஜி.பி.யும்

என் கல்யாணத்தில் மூன்றாம் முடிச்சைப் போட்டது யார் என்கிற வழக்கு எங்கள் குடும்பத்தில் 32 வருடமாக நடக்கிறது. முதல் முடிச்சு நான் போட்டது. அதில் சந்தேகம் யாருக்கும் இல்லை; வருத்தம் ஒருத்திக்கு உண்டு, அது வேறு கதை. இரண்டாவது முடிச்சு என் அக்கா. மூன்றாவதையும் தானே போட்டதாகச் சிவகாசியிலிருந்து அக்கா சொல்கிறாள். “அக்கா ரெண்டாவதைப் போட்டுட்டு விலகிட்டா, மூணாவது நான்தான்” என்று கோவில்பட்டியிலிருந்து தங்கச்சி சொல்கிறாள். காதுகுத்து, வளைகாப்பு, கோயில் கொடை என்று எங்கே இரண்டு பேரும் சந்தித்தாலும், இலை போடுவதற்குள் இந்த வழக்கு ஒரு வாய்தா நடந்து முடிந்துவிடும்.

இந்த வருடம் எனக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தில் மறுபடி தாலி கட்டணும், மறுபடி முடிச்சுப் போடணும். “அன்னைக்கு யாரு போட்டாளோ அவளே போடட்டும்” என்று தாய்மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்புச் சொல்கிறவருக்கு என்ன? சாட்சி என் கம்ப்யூட்டருக்குள் அல்லவா இருக்கிறது.

1993-ல் எடுத்த மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட் அது. 2008-ல் அதை ஒரே ஒரு டி.வி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல வேளையாக அதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி பண்ணி வைத்தேன். ஏனென்றால் அந்த டி.வி.டி. இப்போது மொட்டை மாடியில், மலையடிவாரத்துக் குரங்குகளை விரட்டுவதற்காக நூலில் கட்டித் தொங்குகிறது. குரங்குகள் அதில் முகம் பார்த்துவிட்டுப் போகின்றன. கேசட்டில் பூஞ்சை.

கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009-ல் மகள் படிப்புக்காக மதுரையில் அசெம்பிள் பண்ணி வாங்கியது. கோர் 2 டூவோ, 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பித்து மில்லில் நான் பெருமையடித்துக்கொண்டது உண்டு. இப்போது சிஸ்டத்துக்கு மேலே பூப்போட்ட உறை. பக்கத்துத் தளவாய்புரத்தில் நைட்டி தைத்து மிஞ்சின துணியில் என் மனைவி தைத்தது. கழுத்துக்கு விட்டிருந்த பைப்பிங்கைக்கூடப் பிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம், குங்குமம். பதினாறு பூஜை பார்த்த பெட்டி, ஆன் பண்ணும்போது ‘கொர்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அப்புறம் யோசிக்கும். அதற்குள் நான் காபி குடித்து, பேப்பர் படித்து, குளித்துவிட்டே வந்துவிடலாம்.

முதல் முயற்சி எளிமையாகத்தான் இருந்தது. வீடியோவை ஓடவிட்டு, மூன்றாம் முடிச்சு வருகிற இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. நிறுத்தினேன். திரையில் எல்லோர் கையும் சீப்புப் பல் பல்லாகக் கிழிந்து நின்றது. மனைவியின் பிடரிக்குப் பின்னால் இருந்த இரண்டு கை நான்கு கையாகத் தெரிந்தது. ஆள் யார் என்று தெரியவில்லை. அக்கா, தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே அரக்குக் கலரில் பட்டு எடுத்துக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்.

படம் இப்படிக் கிழிவது பழைய டி.வி. பெட்டிகளுக்காகச் செய்த ஏற்பாட்டாலாம். நொடிக்கு 25 படம்; ஒவ்வொரு படத்திலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தினால், அந்த இடைவெளியில் கை நகர்ந்த தூரம் பல் பல்லாக வந்து நிற்கும். ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேட்டதற்கு, சரிபண்ணிச் சுருக்கித் தர ஐந்நூறு ரூபாய் என்றார்கள். முப்பது வருடம் மில் கணக்கு ஆபீசில் இருந்தவன், ஐந்நூறு ரூபாயைச் சும்மா விடுவேனா? “வேண்டாங்க, நானே பாத்துக்கிறேன்” என்றேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு இதுவரை நான் கட்டியிருக்கிற அபராதத்தைக் கூட்டினால் எங்கள் வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்பலாம்.

வீடியோவைச் சரிபண்ணி, சுருக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு மென்பொருள் தேடினேன். கிடைத்த பக்கத்தில் ‘டவுன்லோட்’ என்று பச்சையில் ஐந்து பட்டன். நடுவில் இருந்ததே பெரிதாகவும் அழகாகவும் இருந்ததால் அதை அமுக்கினேன். வந்ததை இன்ஸ்டால் பண்ணும்போது அது கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாக ‘நெக்ஸ்ட்’ என்றேன். கேட்பவரிடம் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முடிந்தபோது வீடியோ கன்வெர்ட்டரோடு கூட மூன்று டூல்பார், ஒரு வானிலை அறிக்கை, ஒரு சீட்டுக்கட்டு விளையாட்டு, உங்கள் கம்ப்யூட்டரில் 1,300 சொச்சம் கோளாறு இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை நினைவூட்டுகிற ஒரு டாக்டர் எல்லாம் குடிவந்திருந்தார்கள். கோளாறு இருப்பது எனக்குத் தெரியாதா? 32 வருடமாக என் வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள்.

கன்வெர்ட்டர் தரத்துக்கு ஓர் எண் கேட்டது: பூஜ்யத்திலிருந்து 51 வரை. 51 என்றதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மொய் எழுதுகிற எண் அல்லவா! உச்ச மார்க்கும் அதுவே. 51 என்று அடித்து, முகூர்த்தப் பகுதியை மட்டும் பத்து நிமிடம் வெட்டிச் சுருக்கினேன். 14 எம்.பி. வந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ 16 எம்.பி.யைத் தாண்டக்கூடாது என்று என்றைக்கோ கேட்டது மண்டையில் ஆணியடித்தமாதிரி நின்றிருந்ததால், இரண்டு எம்.பி. லாபம் என்று துள்ளிக் குதித்து, திறந்துகூடப் பார்க்காமல் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். ‘சாட்சி வந்துவிட்டது’ என்று தலைப்பு வேறு.

அப்புறம் பார்த்தேன். அந்த எண்ணில் மேலே போகப் போகத் தரம் கீழே போகும் என்பது பிறகு தெரிந்தது. பூஜ்யம்தான் உத்தமம், 51 படுமோசம். பத்து நிமிடத்தில் ஐயர் ஓரளவு ஐயராகவே இருந்தார், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்ததால். மணவறைக்குப் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் செட்டு இருக்கும் இடமெல்லாம் கொஞ்சம் கொதித்தது. கெட்டிமேளம் தொடங்கி அட்சதை பறந்ததும்தான் கூத்து. மண்டபம் முழுக்கச் சதுரம் சதுரமாகச் சிதறியது. என் முகம் நான்கு கட்டம். மனைவி ஆறு கட்டம். பிடரிக்குப் பின்னால் அரக்குக் கலரில் ஏதோ ஒரு கும்பல், தரையோடு கலந்து, மொசைக் பதித்த குளியலறை மாதிரி.

சாயந்திரம் ராஜபாளையத்திலிருந்து சர்வீஸ் பண்ணும் தம்பி வந்தான். ஆளைப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவன். கம்ப்யூட்டரைப் பார்த்து முதலில் கும்பிட்டான். குங்குமம் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணாச்சி, வீடியோவைச் சுருக்குறதுன்னா, ஒவ்வொரு படத்தையும் முழுசா வைக்காது. முந்தின படத்துலருந்து என்ன மாறிச்சோ அதை மட்டும் எழுதிக்கும். ஐயர் மாறல, செலவில்லை. அட்சதை ஒவ்வொண்ணும் பறக்குது. அத்தனையும் புதுசு. எழுத இடம் இல்லைன்னா கட்டம் கட்டமா மொழுகிவிட்டுரும்.”

எனக்கு மில் பாஷையில் யோசித்துத்தான் பழக்கம். பஞ்சை அமுக்கி 170 கிலோ பேலாகக் கட்டுவார்கள். ஆளைவிட உயரமான குவியல், கட்டில் கால் உயரத்துக்கு வந்துவிடும். ஆனால் புளோ ரூமில் பட்டையை வெட்டினால் அத்தனை பஞ்சும் திரும்ப எழுந்து வரும். ஒரு இழை குறையாது. “அப்படி இல்லியா தம்பி?” என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்தது. என் மனைவி பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்.

“பால்கோவா மாதிரின்னு சொல்லுங்க. கரைச்சா திரும்பப் பாலா வரும்?”

தம்பி அடுப்படியைப் பார்த்து, “அக்காவுக்குப் புரிஞ்சிருச்சு” என்றான்.

கட்டத்தின் மூலத்தைத் தேடி ராத்திரி கொஞ்சம் படித்தேன். என் குணம் அது. கடன் வாங்கினவனைத் தேடாமல் கடனின் வரலாற்றைத் தேடுவேன். படத்தை எட்டுக்கு எட்டாகக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு உறைக்கிற பெரிய மாற்றங்களை வைத்துக்கொண்டு பொடிப்பொடியானவற்றைத் தள்ளிவிடுகிற கணக்குக்கு வழி பண்ணியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாத்தியார். 1972-ல் இந்த யோசனைக்குப் பணம் கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். ரொம்ப எளிதாக இருக்கிறது என்று கொடுக்க மறுத்துவிட்டார்களாம். அவர் விடவில்லை. 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. கூட எழுதிய இரண்டு பேர் நடராஜன், கே.ஆர். ராவ். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. போனில் எடுக்கிற போட்டோவிலிருந்து டி.வி.டி. வரை அந்தக் கணக்குதான். நடராஜன் என்ற பேரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. எங்கள் மில்லிலேயே நான்கு நடராஜன் உண்டு. அதில் ஒருவர் என் இன்கிரிமென்ட்டில் பொடிப்பொடியானவற்றையெல்லாம் தள்ளிவிட்டவர்.

இதற்குள் குரூப்பில் என்ன நடந்தது என்று பார்க்க மறந்தே போனேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

தம்பி சொன்ன மருந்து ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருள். எரிக் பெட்டி என்பவர் 2003-ல் தொடங்கியது. புள்ளி ஏழு, புள்ளி எட்டு, புள்ளி ஒன்பது என்று ஊர்ந்து, 1.0 என்கிற எண்ணை 2016 டிசம்பர் 24-ஆம் தேதிதான் தொட்டிருக்கிறது. பதின்மூன்று வருடம்! ஜூனியர் கிளார்க்காகச் சேர்ந்து சீனியர் கிளார்க் ஆக நான் எடுத்துக்கொண்ட காலம் அதைவிட ஒரு வருடம்தான் கூட. அந்த மென்பொருளின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதன் சின்னம் ஓர் அன்னாசிப்பழமும் பக்கத்தில் ஒரு கிளாசும். ராத்திரி பத்து மணிக்கு அது திரையில் இருந்தபோது மனைவி வந்து பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர் வேலைன்னு இதுக்குத்தான் முழிச்சிருக்கீங்களா?” என்றாள்.

ஆனால் அதன் புதிய பதிப்பு விண்டோஸ் 10 இருந்தால்தான் உள்ளே வரும். 64 பிட்டாக இருக்க வேண்டும். கூடவே இன்னொரு துணைப் பொதியும் போட வேண்டும். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். 2020 ஜனவரி 14-ஓடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டது என்று தம்பி சொன்னபோது எனக்குத் துக்கம் விசாரிக்கிறமாதிரி இருந்தது. ஐந்து வருடமாகப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

“ஃபார்மட் போட்டு பத்து போட்ருவோம் அண்ணாச்சி. ராமும் நாலு ஆக்கிருவோம். கடைக்குக் கொண்டாந்துருங்க.”

சி.பி.யூ.வை நைட்டி உறையோடு டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னால் வைத்துக்கொண்டு செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் ஒருவர், “அண்ணாச்சி, கிரைண்டர் ரிப்பேரா?” என்றார். இன்னொருவர் உறையைப் பார்த்துவிட்டு, “தளவாய்புரம் லோடா? பீஸு என்ன விலைக்குப் போடுதீங்க?” என்றார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

கடையில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் தம்பி இரண்டு எட்டு பின்னால் போனான். பிராசஸருக்கு மேலே இருக்கிற காற்றாடி தெரியவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை, சலூனில் தலைமுடி கூட்டி வைத்தமாதிரி. பழைய நாளில் மில் சட்டையோடு உட்கார்ந்து தட்டியதில் விழுந்த பஞ்சு, வீட்டுத் தூசி, அகர்பத்திச் சாம்பல் எல்லாம் சேர்ந்து பதினாறு வருடத்தில் கம்பளியாக நெய்திருந்தது. பவர் சப்ளைக்கும் தகட்டுக்கும் நடுவே பல்லி முட்டை மூன்று: இரண்டு காலி, ஒன்று முழுசு. அடியில் ஒரு ஐம்பது பைசா, மகளின் ஒற்றைக் கம்மல். கம்மலைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அதைத் தொலைத்தாள் என்று 2011-ல் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தது நான்தான்.

தூசியை ஊதி, புது பேஸ்ட் தடவி, பழைய ராம் ஒன்றைத் தேடிப் பிடித்துச் செருகி, விண்டோஸ் 10 ஏறியது அக்டோபர் முதல் வாரம். பில் கொடுக்கும்போது தம்பி பேச்சோடு பேச்சாக, “இதுக்கும் இந்த அக்டோபர் 14-ஓட ஆதரவு முடியுது அண்ணாச்சி” என்றான். பால் காய்ச்சிக் குடிபோன வாரமே வீட்டுக்கு இடிக்கிற நோட்டீஸ். பில் 1,850 ரூபாய்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கணக்காவது எனக்கு வரும். மூன்று மணி நேரம் என்றால் 10,800 நொடி. நொடிக்கு 25 என்றால் 2,70,000 படம். எச்.265 என்கிற 2013-ஆம் வருடத்து முறையில் போட்டால் பழைய எச்.264-ஐவிட இன்னும் சின்னதாக வரும் என்று கேள்விப்பட்டதால் ஆசை அதில் போயிற்று. அந்த முறைக்கு உழைப்பு அதிகம். என் கோர் 2 டூவோ நொடிக்கு ஐந்து படம்தான் முடித்தது. ஆக 15 மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலை பதினொன்றுக்கு முடியும். போட்டுவிட்டுப் படுத்தேன். நடுவில் மூன்று தடவை எழுந்து போய், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன்போலச் சதவீதத்தைப் பார்த்தேன்.

காலையில் 87 சதவீதம். மணி ஒன்பது. கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை. முந்தின நாள் பேப்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன். ஊர்ப் பெயரையும் பார்த்தேன். ‘நம்மூர்ப் பேரு பேப்பர்ல வந்திருக்கு’ என்று மனைவியிடம் சந்தோஷமாகக் காட்டினேன்கூட. யு.பி.எஸ். பேட்டரி 2015-லேயே காலம் ஆகிவிட்டது. முக்காலியாகத்தான் உபயோகம்.

மறுபடி போட்டு, மறுநாள் முடிந்தது: முக்கால் ஜி.பி. சீப்புப் பல் இல்லை. முடிச்சு வருகிற இடத்தில் நிறுத்த எனக்குப் பயமாக இருந்ததால் தம்பிக்குப் போன் போட்டேன்.

“எந்த பிளேயர்ல பாக்குறீங்க? வி.எல்.சி. இல்லையா?”

வி.எல்.சி. என்னிடம் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பாரிஸில் மாணவர்கள் ஆரம்பித்த, சாலையில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட அந்த பிளேயரை 2022-ல் இறக்கப் பார்த்தேன். தளம் திறக்கவில்லை. அந்த வருடம் பல மாதம் இந்தியா முழுக்கவே அது திறக்காமல் இருந்து, நவம்பரில்தான் தடை விலகியது. எனக்கு அது தெரியாது. என் கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று முந்நூறு ரூபாய் கொடுத்து ஃபார்மட் போட்டேன். அதற்கும் திறக்காததால் கோபித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

“அட, அதுல ஒரிஜினலை ஓடவிட்டு ‘டி’ எழுத்தைத் தட்டினாலே அந்தப் பல்லு போயிரும் அண்ணாச்சி. கன்வெர்ட்டே பண்ண வேண்டாம்.”

ஒரு எழுத்து. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த நேரம் பார்த்து சார்ஜாவிலிருந்து மகள். “அப்பா, எதுக்குப்பா அப்படிக் கட்டம் கட்டமா அனுப்புனீங்க? டாக்குமெண்டா போட்டா 2 ஜி.பி. வரைக்கும் போகுமே, 2022-லேயே வந்தாச்சே” என்றாள். 2022 எனக்கு ராசியில்லாத வருடம்போல.

குரூப்பையும் அப்போதுதான் திறந்தேன். அந்த மொசைக் குளியலறைக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: ‘தெளிவா தெரியுது. அரக்குப் பட்டு, நான்தான்.’ அதற்குக் கீழே தங்கச்சி: ‘கண்ணு கலங்கிருச்சுண்ணே. என் கையேதான்.’ பதினெட்டுப் பேர் இரண்டுக்கும் கும்பிடு போட்டிருந்தார்கள். தாய்மாமா மட்டும், ‘ரெண்டு பேரும் சேர்ந்தே போடுங்க’ என்று தீர்ப்பைத் திருத்தியிருந்தார். 32 வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஜெயித்திருக்கிறார்கள்.

இருந்தாலும் முக்கால் ஜி.பி. சும்மா விடுமா? ஓடவிட்டு நிறுத்தினேன். அட்சதை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் நின்றது. அக்கா ஒரு பக்கம் திரும்பித் தங்கச்சியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி இவளைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறாள். சண்டை அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்து மனைவியின் பிடரியில் முடிச்சை இறுக்குகிற கையில் வளையல் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருக்கிறது: கோலம், அதற்குள் ஒரு தேள்.

அத்தை. இருபத்து நான்கு வயதில் தாலி அறுத்தவள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அன்றைக்கு மணவறைப் பக்கமே வராமல் கடைசித் தூணோரம் நின்றாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இரண்டு கழுதைகள் சண்டை போட்டுக்கொண்டு முகூர்த்தத்தைத் தவற விடுகின்றனவே என்று ஓடி வந்திருக்கிறாள். அவள் செத்தே பதினான்கு வருடம் ஆகிறது.

மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, திரையை ஒரு நொடி பார்த்தாள்.

“ஆமா, அத்தைதான்.”

“உனக்குத் தெரியுமா?”

“பிடரிகிட்ட புகையிலை வாசம் அடிச்சா அது உங்க அக்காவா, தங்கச்சியா?”

“முப்பத்திரண்டு வருஷமா ஏன் சொல்லலை?”

“என்கிட்ட யாரு கேட்டீங்க? ரெண்டு பேரும் உங்ககிட்டதான கேட்டாங்க.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறுத்திய படம் துளி ஆடவில்லை.

“இதைக் குரூப்ல போட்ரவா?” என்றேன்.

“சும்மா இருங்க. கட்டம் கட்டமா அனுப்பினீங்களே, அதுவே போதும். இதை அழிச்சிராதீங்க, பேரை மட்டும் மாத்தி வையுங்க.”

“என்னன்னு?”

“கரண்ட் பில்லுனு வையுங்க. இந்த வீட்டுல அதை ஒருத்தரும் திறக்க மாட்டாங்க.”